எசன்ஸா, எக்ஸ்ட்ராக்டா, பீன்ஸா: வேலூர் வெயிலுக்கு எந்த வெனிலா?

சென்ற மாதம் காட்பாடியிலிருந்து ஒருவர் போன் செய்து, மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும் என்றார். என்ன சுவை என்று கேட்டேன். "தனியாக ஒன்றும் போட வேண்டாம் அம்மா, சும்மா வெனிலாவே போதும்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. வெனிலா என்றால் எதுவும் சேர்க்காதது என்று நம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அது ஒரு கொடியில் விளையும் காய்; உலகச் சந்தையில் குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்த மசாலாப் பொருள் அதுதான்.

சத்துவாச்சாரியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்குக் கற்றும் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் மாவு சலித்து முடிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, எசன்ஸ் போதுமா, எக்ஸ்ட்ராக்ட் வாங்க வேண்டுமா? யூடியூபில் எல்லோரும் பீன்ஸைக் கீறிப் போடுகிறார்களே?" ஒரே வரியில் பதில் சொல்லி ஏமாற்ற எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் பெயர்

வெனிலா என்ற சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் 'வைனா' என்றால் உறை, வாளுறை என்று பொருள். அதன் குறுமை வடிவம் 'சின்ன உறை'. நீண்டு மெலிந்த காயைப் பார்த்து வைத்த பெயர். அதற்கும் முன்னால் மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்கள் தங்கள் மொழியில் அதைக் 'கருப்புப் பூ' என்று அழைத்தார்கள். பூ பச்சை கலந்த இளமஞ்சள் நிறம்தான். பதப்படுத்திய காய்தான் கருப்பு. நம் ஊர் ஐஸ்கிரீம் வண்டிகளோ 'வெண்ணிலா' என்று எழுதிக்கொண்டன. அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயரோடு வெனிலா வெள்ளை நிறம் என்ற நினைப்பும் வந்து சேர்ந்துவிட்டது. வகுப்பில் காயை எடுத்துக் காட்டும்போது, "இவ்வளவு கருப்பாகவா இருக்கும்?" என்று கேட்காதவர்கள் குறைவு.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் ஒட்டிக்கொண்டது: அலங்காரமில்லாத, அடிப்படையான வடிவம். கணினி படிக்கும் பிள்ளைகள், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் வேறு எந்தத் துணைத் தொகுப்பும் சேர்க்காமல் நிரல் எழுதுவதை 'வெனிலா ஜாவாஸ்கிரிப்ட்' என்கிறார்கள். பங்குச் சந்தையில் சிக்கலான நிபந்தனைகள் இல்லாத ஒப்பந்தத்துக்கு 'பிளெயின் வெனிலா' என்று பெயர். ஆகவே ஆர்டர் எடுக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் 'வெனிலா' என்றால், வெனிலா மணம் வேண்டுமா, மேலே பூ வேலை இல்லாத கேக் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் விலை வேறு.

## எதை வைத்து முடிவு செய்வது?

விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் ஐந்து.

முதலாவதும் முக்கியமானதும் சூடு. வெனிலா அடுப்பில் எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது? 180 டிகிரி ஓவனில் நாற்பது நிமிடம் வேகும் கேக்குக்குள் போகிறதா, அடுப்பை அணைத்த பிறகு கஸ்டர்டில் சேர்கிறதா? பாதி முடிவு இதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது, முட்டை வாடை. நம் வீடுகளில் கேக்கில் வெனிலா சேர்ப்பதே பெரும்பாலும் இதற்காகத்தான். மூன்றாவது, ஆல்கஹால். சாப்பிடப்போகிறவர்கள் அதை ஏற்பார்களா? நான்காவது, நிறம். வெள்ளை வெளேரென்ற கிரீம் கேட்டவருக்குப் பழுப்பேறிய கிரீமைக் கொடுக்க முடியாது. ஐந்தாவது நம் ஊர்க் கேள்வி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் சமையலறையில், வாங்கி வைத்த பொருள் எத்தனை மாதம் தாங்கும்?

காசை இந்த ஐந்தும் முடிந்த பிறகு பாருங்கள். அப்போதும் பாட்டில் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ கேக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

## எசன்ஸ்

மளிகைக் கடையில் கிடைக்கும் சின்ன பாட்டில். இதில் இருப்பது பெரும்பாலும் வெனிலின் என்ற ஒரே ஒரு மணப்பொருள், அதைக் கரைக்க ஒரு திரவம், சிலவற்றில் கொஞ்சம் கேரமல் நிறம்.

வெனிலினை 1858-ல் பிரான்சில் கோப்லி என்பவர் காயிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். 1874-ல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமனும் ஹார்மனும் அதைக் காய் இல்லாமலேயே, ஊசியிலை மரங்களில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து செய்துகாட்டினார்கள். பின்னர் கிராம்பு எண்ணெயிலிருந்தும், காகித ஆலைக் கழிவிலிருந்தும் எடுத்தார்கள். இன்று பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் குவையகால் என்ற பொருளிலிருந்து வருகிறது. பெட்ரோலியம் என்றதும் பயப்பட வேண்டாம். எதிலிருந்து செய்தாலும் வெனிலின் மூலக்கூறு ஒன்றே. காய்க்குள் இருப்பதும் அதுவே.

ஒரு வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வெனிலா எசன்ஸ் பீவர் என்ற விலங்கின் வால் பக்கச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எசன்ஸ் பாட்டிலைக் குப்பையில் போட்ட சைவக் குடும்பத்துப் பெண் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். அப்படி ஒரு சுரப்புப் பொருள் உண்டு, ஒரு காலத்தில் மணமூட்டப் பயன்பட்டதும் உண்மை. ஆனால் அது அரிதானது, விலை மிக அதிகம். மலிவான எசன்ஸில் அதைச் சேர்த்துக் கட்டுப்படியாக்க யாராலும் முடியாது.

எசன்ஸின் பலம், அது ஓவனில் நின்று தாக்குப்பிடிப்பது. முட்டை வாடையையும் நன்றாக அடக்கும். நிறமில்லாத எசன்ஸும் கிடைப்பதால் வெள்ளை கிரீமுக்கு அதுதான் சரி. ஒரு கிலோ கேக்குக்கு ஒரு டீஸ்பூன். என் கணக்கு நோட்டில் அதன் செலவு பத்து, பதினைந்து ரூபாயைத் தாண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு அளவு தவறுவதில்தான் இருக்கிறது. சில எசன்ஸ்களில் வெனிலினோடு எத்தில் வெனிலின் சேர்க்கிறார்கள். அதன் மணம் ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவானது. பழைய பாட்டிலுக்குப் பழகிய கையோடு புதிய பாட்டிலை ஊற்றினால், கேக் வெட்டும்போது இருமல் மருந்து வாடை வரும். ஒருமுறை ஒன்றரைக் கிலோ கேக் முழுவதையும் நான் திரும்பச் செய்து கொடுத்திருக்கிறேன். புது பாட்டில் திறந்தால் முதலில் ஒரு டம்ளர் சர்க்கரைப் பாலில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்துப் பாருங்கள். நாக்கின் அடியில் கசப்பு நின்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

## எக்ஸ்ட்ராக்ட்

காயை நறுக்கி ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்ததில் ஊறவைத்து எடுக்கும் சாறு. அமெரிக்கச் சட்டப்படி 'எக்ஸ்ட்ராக்ட்' என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய் சேர்ந்திருக்க வேண்டும். நம் கடைகளில் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பாட்டிலின் முன்பக்கத்தில் காயும் பூவும் படமாக இருக்கும்; பின்பக்கச் சிறு எழுத்தில் 'செயற்கை நறுமணப் பொருள்' என்றோ 'இயற்கையை ஒத்த நறுமணப் பொருள்' என்றோ இருந்தால் அது எசன்ஸ்தான். அதற்கு எக்ஸ்ட்ராக்ட் விலை கொடுப்பது வீண்.

காயில் வெனிலினோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் உண்டு. உலர்ந்த திராட்சை, புகை, மரம், சற்றே சாராயம் என்று அடுக்கடுக்காக வரும் அந்த வாசனை எசன்ஸில் கிடைக்காது. சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த நுண்ணிய வாசனைகளில் பெரும்பகுதி ஓவனில் போய்விடுகிறது. ஒரே மாவைப் பிரித்து, ஒன்றில் எசன்ஸும் இன்னொன்றில் எக்ஸ்ட்ராக்டும் போட்டு இரண்டு கேக் செய்து, வீட்டில் ஆறு பேருக்கு எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். ஒருவராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அதே இரண்டையும் ஆறிய கஸ்டர்டில் கலந்து கொடுத்தேன். முதல் கரண்டியிலேயே என் மாமியார் எக்ஸ்ட்ராக்ட் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதில் நான் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம் சுவையைப் பற்றியதல்ல. மேல்விஷாரத்திலிருந்து தொடர்ந்து கேக் வாங்கும் ஒரு குடும்பம். எக்ஸ்ட்ராக்டுக்கு மாறியதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா தயங்கிவிட்டு, "அதில் சாராயம் இருக்குமே அம்மா?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. ஓவனில் வெந்தால் ஆல்கஹால் போய்விடும் என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. கிரீமிலும் புட்டிங்கிலும் சேர்த்தால் அப்படியே இருக்கும். அவர் மனம் நோகாமல் சொன்னதே பெரிது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கேக் விற்கிறவர்கள் இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மறைப்பது நம்பிக்கைத் துரோகம். எசன்ஸிலும் சிலவற்றில் ஆல்கஹால் கரைப்பானாக இருக்கும். லேபிளைப் படிக்காமல் 'இதில் இல்லை' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

செலவு ஒரு டீஸ்பூனுக்கு அறுபது, எழுபது ரூபாய் ஆகிறது எனக்கு. மூடி தளர்ந்திருந்தால் நம் வெயிலில் ஆல்கஹாலோடு மணமும் பறந்துவிடும். இறுக்கி மூடி, இருட்டு அலமாரியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

## பீன்ஸ்

பீன்ஸ் என்று சொல்கிறோமே தவிர அவரைக்கும் இதற்கும் உறவில்லை. மரத்தைப் பற்றி ஏறும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய் இது. விலை ஏன் இப்படி என்று தெரிந்தால் ஒரு காயை வீணாக்கவும் கை வராது.

பூ ஒரு நாள்தான் திறந்திருக்கும். மெக்ஸிகோவிலிருந்து கொடியை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது அது பூத்தது, காய்க்கவில்லை. 1841-ல் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவுக்குள்ளிருக்கும் தடுப்பை விலக்கி, மகரந்தத்தை விரலால் அழுத்திச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதக் கை அதையேதான் செய்கிறது. தீவுகள் அதனால் செழித்தன. பின்னாளில் எட்மண்ட் அல்பியுஸ் என்று பெயர் பெற்ற அவர் 1880-ல் வறுமையில் இறந்தார். வெனிலாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

காய் முற்ற ஏறத்தாழ ஒன்பது மாதம். பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி உலர்த்தி, பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணம் பிறக்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். 2000-ல் ஹூடா புயல், வெனிலா அதிகம் விளையும் மடகாஸ்கர் தீவை அடித்த பிறகு விலை எகிறியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பலர் வெனிலாக் கொடி வைத்தார்கள். இரவில் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

வாங்கும்போது கவனம். ஒருமுறை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். வந்தவை துடைப்பக் குச்சிபோல ஒடிந்தன; உள்ளே விதையும் இல்லை, எண்ணெயும் இல்லை. நல்ல காயை விரலில் சுற்றினால் தோல் வார்போல வளைய வேண்டும், தொட்ட விரலில் எண்ணெய் மினுமினுக்க வேண்டும். நீளவாக்கில் கீறிக் கத்தியின் முதுகால் வழித்தால், கசகசாவைவிடச் சிறிய கருப்பு விதைகள் பசைபோலத் திரண்டு வரும். அதைக் காய்ச்சிய பாலில் கலந்து, தோலையும் உள்ளே போட்டு மூடிவைத்து, அரை மணி நேரம் கழித்துத் திறக்கும்போது வரும் வாசனைக்கு நான் வேறு எதையும் ஈடு சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் பால் ஐஸ்கிரீமுக்கு ஒரு காய் போதும்.

சேமிப்பில்தான் நம் ஊரில் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து நானும் முதல் வருடம் பிரிட்ஜில் வைத்தேன். ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்து எட்டுக் காய்கள் போயின. கண்ணாடிக் குழாயில் இறுக்கி அடைத்து, வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். காயின் மேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே எறியாதீர்கள். ஊசி ஊசியாக, வெளிச்சத்தில் பளபளத்தால் அது வெனிலினே படிகமாகப் பூத்தது. நல்ல காய்க்கு அடையாளம். மங்கலாகப் பஞ்சுபோல இருந்து மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை.

பீன்ஸை ஓவன் கேக்குக்குப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய காய் நாற்பது நிமிட வேக்காட்டில் தன் சிறப்பை இழந்துவிடும். அதிலும் சாக்லேட் கேக்கில் போடுவது முழு வீண்.

## பவுடரும் வெனிலாச் சர்க்கரையும்

ஆல்கஹால் வேண்டாம், ஆனால் காயின் மணம் வேண்டும் என்பவர்களுக்கு அரைத்த காய்ப் பொடி நல்லது. வெனிலின் கலந்த சர்க்கரைத் தூளும் இதே பெயரில் விற்கிறது என்பதால் லேபிளைப் பாருங்கள். வீட்டுச் சர்க்கரைக்கு எந்தச் செலவும் இல்லை. விதை வழித்த தோலைக் கழுவி, நன்றாக உலர்த்தி, சர்க்கரை டப்பாவில் புதைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் சர்க்கரை மணக்கும். மேல்விஷாரத்து வீட்டுக்கு இப்போது இந்தச் சர்க்கரையில்தான் கிரீம் அடிக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | எசன்ஸ் | எக்ஸ்ட்ராக்ட் | பீன்ஸ் |
|---|---|---|---|
| ஓவன் கேக், பிஸ்கட் | போதும் | வித்தியாசம் தெரிவது அரிது | வீண் |
| கஸ்டர்ட், ஐஸ்கிரீம், புட்டிங் | தட்டையான மணம் | நல்லது | மிகச் சிறப்பு |
| முட்டை வாடை | நன்றாக அடக்கும் | அடக்கும் | ஓரளவு |
| ஆல்கஹால் | பாட்டிலைப் பொறுத்தது | நிச்சயம் உண்டு | இல்லை |
| வெள்ளை கிரீம் | நிறமில்லாதது கிடைக்கும் | லேசான பழுப்பு | கருப்புப் புள்ளிகள் |
| வெயில் காலம் | தாங்கும் | மூடி இறுகியிருந்தால் தாங்கும் | கவனம் வேண்டும் |

## வெனிலாவே வேண்டாத இடம்

பால் பாயசத்திலும் ரவா கேசரியிலும் வெனிலா எசன்ஸ் ஊற்றுகிற பழக்கம் இப்போது பரவிவருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆற்காட்டு மக்கன் பேடாவில் வெனிலா விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நெய்யும் கோவாவும் ஏலக்காயும் சேர்ந்த இடத்தில் அதற்கு வேலையில்லை. முட்டை இல்லாத, பாலும் நெய்யும் நிறைந்த இனிப்புக்கு ஏலக்காயே போதும். அந்தக் காசில் நல்ல பச்சை ஏலக்காயாகப் பார்த்து வாங்குங்கள்.

## கிறிஸ்துமஸுக்கு நீங்களே ஊறவைக்க

வேலூரில் டிசம்பர் என்றால் வீட்டுக்கு வீடு கேக்தான். மாதம் பத்து, பதினைந்து முறை கஸ்டர்டும் ஐஸ்கிரீமும் செய்கிறவர், வீட்டில் ஆல்கஹாலுக்குத் தடையில்லாதவர் என்றால், எக்ஸ்ட்ராக்டைக் கடையில் வாங்குவதைவிட ஊறவைத்துக்கொள்வது லாபம். கால் லிட்டர் வாசனையில்லாத வோட்காவுக்கு 25 கிராம் காய். எட்டு முதல் பத்துக் காய்கள் வரும். இங்கே சற்று உலர்ந்த இரண்டாம் தரக் காயே போதும், முதல் தரம் தேவையில்லை. கீறிப் போட்டு, காய் முழுவதும் மூழ்கும்படி பார்த்து, வாரம் ஒருமுறை குலுக்குங்கள். இரண்டு மாதத்துக்கு முன் திறக்க வேண்டாம், மூன்று மாதம் பொறுத்தால் இன்னும் நல்லது. ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கிவிட வேண்டும். பாட்டிலின் மேல் தேதியையும், உள்ளே ஆல்கஹால் இருக்கிறது என்பதையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.